கயிறு பிடித்தவர் எங்கே?

சந்திரலேகாவின் அரங்கேற்றம் நடந்தது 1952இல். குரு காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளை. ராயலசீமா வறட்சி நிவாரணத்துக்கு நிதி திரட்டுவதற்காக ஏற்பாடான நிகழ்ச்சி அது. பாட்டில் யமுனை வருகிறது. பெண்கள் நீரில் இறங்கி விளையாடுகிறார்கள், அள்ளித் தெளிக்கிறார்கள், நனைந்து சிரிக்கிறார்கள். அதை அபிநயித்துக்கொண்டிருந்தபோதே அவர் மனதில் பத்திரிகையில் பார்த்த படங்கள் வந்து நின்றன. வெடித்துக் கிடக்கும் நிலம். சின்னச் சின்ன தகர டப்பாக்களோடு தண்ணீருக்கு வரிசையில் நிற்கும் ஜனங்கள். நிதி அவர்களுக்காக, மேடையிலோ தண்ணீர் பொங்கி வழிகிறது. அந்த முரண்பாட்டைப் பிற்காலத்தில் அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

சபையில் இருந்த யாருக்கும் இது தெரிந்திருக்காது. தாளம் தப்பவில்லை, அடவு பிசகவில்லை என்றால் ரசிகர் கைதட்டிவிட்டுப் போவார். ஆனால் ஆடியவருக்கு அந்தக் கேள்வி போகவில்லை. இடையில் நீண்ட காலம் மேடையை விட்டு விலகியே இருந்தார். 1984இல் மும்பையில் நடந்த கிழக்கு-மேற்கு நடனச் சந்திப்பில் திரும்பி வந்தார். 1985இல் ‘அங்கிகா’ வந்தது. களரிப்பயிற்று, யோகம், பரதம் மூன்றையும் ஒரே உடம்பின் வேலையாகப் பார்த்த படைப்பு. தன் நடனத்தைத் தானே கேள்வி கேட்டதற்கும், அந்தக் கேள்விக்கு நடனத்திலேயே பதில் சொன்னதற்கும் நடுவில் முப்பத்து மூன்று வருஷம் போயிருக்கிறது.

நடனம் அமைக்கக் கற்றுக்கொள்வது என்றால் அவ்வளவு காலம் ஆகும் என்று பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. நடனத்தை உருவாக்குவதும் விமரிசிப்பதும் இரண்டு தனி வேலைகள் இல்லை என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது, அவ்வளவுதான்.

இனி தூத்துக்குடிக்கு வரலாம். இங்கே தண்ணீர் நேர்மாறான பிரச்சினை. கண்ணைத் திறந்தால் கடல். அதனாலேயே யாரும் அதைப் பார்ப்பதில்லை. இந்தக் கரையில் ஆண்டு விழாவுக்கு ‘முத்துக்குளியல்’ என்று ஒரு நடனம் அமைக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்று யாரும் ஊகித்துவிடலாம். இரண்டு பக்கமும் இரண்டு பிள்ளைகள் நீலத் துணியைப் பிடித்து ஆட்டுவார்கள். நடுவில் நான்கு பேர் நீந்துவது போலக் கையை வீசுவார்கள். அட்டையில் செய்த பெரிய சிப்பி திறக்கும். உள்ளேயிருந்து வெள்ளை உடையில் ஒரு சிறுமி எழுந்து சுழல்வாள். அம்மாக்கள் அத்தனை பேர் கையிலும் செல்போன் உயரும்.

அந்தச் சிறுமி அழகாகத்தான் ஆடுவாள். ஆனால் முத்துக்குளியலில் இருந்த எதுவும் அங்கே இருக்காது.

என்ன இருந்தது? படகுகள் நள்ளிரவை ஒட்டிக் கரைக்காற்றைப் பிடித்துக் கிளம்பின. விடிந்ததும் பாரில் வேலை. ‘பார்’ என்பது கடலடியில் சிப்பி படிந்து கிடக்கும் மேடு. பிற்பகல் கடற்காற்று வந்ததும் அதே காற்றில் கரைக்குத் திரும்புவார்கள். ஆழத்தைப் பாகக் கணக்கில் சொல்வார்கள். இரண்டு கையையும் விரித்தால் வரும் நீளம் ஒரு பாகம். ஐந்து முதல் பத்துப் பாகம் வரை இறங்க வேண்டும். குளிப்பவர் கயிற்றில் கட்டிய கல்லின் மேல் கால் வைத்து, மூக்கைப் பொத்திக்கொண்டு, கல்லின் கனத்தில் சரசரவென்று இறங்குவார். தரை தொட்டதும் கல்லை விட்டுவிடுவார். மேலே இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். கழுத்திலோ இடுப்பிலோ தொங்கும் வலைப்பையில் கைக்கு அகப்பட்ட சிப்பியைப் போட்டுக்கொண்டே, ஒரு நிமிடம், தேர்ந்தவராக இருந்தால் அதற்கும் சற்று மேலே. பிறகு கயிற்றை ஒரு வெட்டு. மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். உடனே இழுக்க வேண்டும்.

அந்தக் கயிற்றை மைத்துனர்தான் பிடிப்பார் என்று இந்தக் கரையில் சொல்வது உண்டு. தங்கச்சி தாலி அவன் கையில் இருக்கிறது. தூங்கிவிட மாட்டான் என்பது கணக்கு. அண்ணன் தம்பியை நம்பாமல் மைத்துனனை நம்பிய இந்த ஏற்பாட்டில் ஒரு குடும்ப நாவலே ஒளிந்திருக்கிறது. நீலத் துணி நடனத்தில் இந்த மைத்துனர் எங்கே?

வெளியூர்க்காரர்களைக் குறை சொல்லவும் முடியாது. 1863இல் பாரிஸில் ‘முத்துக் குளிப்பவர்கள்’ என்று ஓர் ஆப்பரா மேடையேறியது. இசையமைத்த ஜார்ஜ் பிசேவுக்கு அப்போது வயது 24. கதை நடக்கும் இடம் இலங்கை, அதாவது இதே மன்னார் வளைகுடாவின் எதிர்க்கரை. முதலில் மெக்சிகோவில் வைத்து எழுதத் திட்டமிட்டு, பிறகு இலங்கைக்கு மாற்றினார்களாம். கரையை இப்படி இஷ்டத்துக்கு மாற்ற முடிந்தது என்றால் அந்தக் கதைக்குக் கடல் தேவைப்படவில்லை என்று அர்த்தம். இரண்டு நண்பர்கள், ஒரு பெண் துறவி, ஒரு சபதம், ஒரு தியாகம். பாட்டு இன்றும் உலகெங்கும் பாடப்படுகிறது, அவ்வளவு இனிமை. மூச்சு முட்டிக் கயிற்றை வெட்டும் அந்தக் கணத்தை மட்டும் அதில் தேடக் கூடாது. பாரிஸ்காரருக்கு அந்தச் சலுகை கொடுக்கலாம். திரேஸ்புரத்தில் இருந்து நடக்கும் தூரத்தில் சலங்கை கட்டும் பிள்ளைக்குக் கொடுக்க முடியுமா?

இதில் அவசரமும் இருக்கிறது. தூத்துக்குடியில் கடைசியாக முத்துக்குளியல் நடந்தது 1961இல். அதன் பிறகு இங்கே முத்து விஞ்ஞானக்கூடத்துக்குப் போய்விட்டது. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார் தூத்துக்குடியில் சிப்பிக்குள் முத்து வளர்த்துக் காட்டினார்கள். 1961இல் இருபது வயதில் இறங்கியவருக்கு இன்று எண்பத்தைந்தை ஒட்டி வயது. கல் இறங்கும்போது காது என்ன செய்யும், தரை தொட்டதும் கால் எப்படி விலகும், மேலே வந்து முதல் மூச்சு எடுக்கும்போது தோள் எப்படி எழும் என்பதை உடம்பால் அறிந்தவர்கள் சிலரே மிச்சம். சங்கு குளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்கலாம், ஆனால் கருவிகள் மாறிவிட்டன. ஜோ டி குருஸின் ‘கொற்கை’ நாவல் இருக்கிறது. 2013இல் சாகித்ய அகாடமி விருது பெற்றது. படிக்கலாம், படிக்க வேண்டும். ஆனால் தோள் எழும் விதத்தைத் தாத்தா எழுந்து நின்று காட்டினால்தான் தெரியும்.

ஆகவே நடன அமைப்பின் முதல் பாடம் சலங்கை இல்லாமல் நடக்கிறது. ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு தாத்தா, இரண்டு மணி நேரம்.

இரண்டாவது பாடம் கொஞ்சம் கசப்பானது. கையில் இருக்கும் மொழி போதாது என்று தெரிந்துகொள்வது. பரதம் படிக்கும் பிள்ளைகள் ‘அபிநய தர்ப்பணம்’ சொல்லும் முத்திரைகளையும் அவற்றின் பயன்பாட்டையும் சுலோகமாக மனப்பாடம் செய்கிறார்கள். அதில் முத்து உண்டு. கடகாமுகத்தைப் பூப்பறிக்கவும் முத்துமாலை அணியவும் பிடிக்கலாம். ஹம்சாஸ்யத்தின் பட்டியலிலும் முத்து வருகிறது. அலைக்குப் பதாகம். சங்குக்கும் மீனுக்கும் ஆமைக்கும் இரட்டைக் கை முத்திரைகள் தனித்தனியே இருக்கின்றன. முத்தை அணிகிறவளுக்குக் கை இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வருகிறவனுக்கென்று எந்த வகுப்பிலும் ஒரு கையை மனப்பாடம் செய்விப்பதில்லை. இது நூலின் குற்றம் இல்லை. நூல் எந்தச் சபைக்காக எழுந்ததோ அந்தச் சபையின் கழுத்தில் முத்து ஏற்கெனவே இருந்தது.

இங்கேதான் நடன அமைப்பு தொடங்குகிறது. இல்லாத ஒன்றுக்கு உடம்பில் இடம் தேடுவது. அதற்காகப் புது முத்திரை கண்டுபிடித்தே தீர வேண்டும் என்பதில்லை. அரைமண்டியில் இருக்கும் ஒரு பெண் ஒரு காலை மட்டும் அழுத்தி, மேலுடம்பை அசைக்காமல் மெதுவாக முழுமண்டிக்கு இறங்கினால் கல் இறங்குவது தெரியும். பரதத்தில் ஏற்கெனவே இருக்கிற அசைவுதான். வேகமும் பார்வையும்தான் புதிது. கயிறு பிடிப்பவரை அமைப்பது இன்னும் கஷ்டம். அவர் ஒன்றுமே செய்வதில்லை. உட்கார்ந்திருக்கிறார். விரல்கள் மட்டும் விழித்திருக்கின்றன. ‘ஒன்றும் செய்யாதே, ஆனால் விரல் விழித்திருக்கட்டும்’ என்று ஒரு பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லி வாங்கிவிட்டால் அந்த ஆசிரியைக்குப் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

மேடையில் ஒரு நிமிடம் என்பது பெரிய காலம். கீழே இருப்பவர் அறுபது விநாடி அடங்கியிருக்க, மேலே ஒருவர் அசையாமல் காத்திருந்தால் சபை நெளியும். அந்த நெளிவுதான் வேண்டும். (ஆடுகிற பிள்ளையை மட்டும் நிஜமாகவே மூச்சை அடக்கச் சொல்ல வேண்டாம். மயங்கி விழுந்தால் ஆண்டு விழா வேறு விதமாக முடியும்.)

தாளமும் இதற்கு உதவும். ஆதி தாளம் எட்டு அட்சரம். ஓர் அட்சரத்துக்கு நான்கு மாத்திரை என்று வைத்தால் அரை ஆவர்த்தனத்துக்குப் பதினாறு. ‘ததிங்கிணதொம்’ ஐந்து மாத்திரை. மூன்று முறை சொன்னால் பதினைந்து. ஒன்று மிச்சம். அந்த ஒன்றை முதலிலேயே விட்டுவிட்டு, அரை ஆவர்த்தனத்தில் ஒரு மாத்திரை தள்ளி எடுத்தால், மூன்றாவது ‘தொம்’ முடிந்து அடுத்த சமத்தில் கால் சரியாக விழும். வகுப்பில் இதைக் கணக்காகச் சொல்லிக் கொடுப்பார்கள். நடனம் அமைக்கிறவர் வேறொன்றைக் கவனிக்க வேண்டும். விட்ட ஒரு மாத்திரையும் ஆட்டம்தான். அந்த இடத்தில் கால் அடிக்கவில்லை. ஆனால் ஏதோ பிடித்து வைக்கப்பட்டிருக்கிறது. முத்துக்குளியலுக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் வேண்டுமா? அந்த இடைவெளியை ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக நீட்டினால் மூச்சு நீள்வதைச் சபை காதால் உணரும். கயிறு வெட்டப்பட்டதும் கரைவலைக்காரரின் அம்பாப் பாட்டு மெட்டில் ஒருவர் எடுக்க, மற்றவர் தொடர, இழுப்பு விழும் இடத்தில் தட்டு விழலாம். அந்தப் பாட்டு வேலையின் தாளத்திலேயே பிறந்தது. சினிமாப் பாட்டைத் தேடி அலைய வேண்டியதில்லை.

ஒன்றைப் புதிதாக உருவாக்குவதற்கு முன்னால் பழையதை எப்படி எடுத்துக்கொள்வது என்ற கேள்வியும் இருக்கிறது. அதற்குத் தென்பாண்டிச் சீமையிலேயே ஒரு பெரிய கதை உண்டு. கல்லிடைக்குறிச்சியில் 1897இல் பிறந்த வக்கீல் ஈ. கிருஷ்ண ஐயர், மேலட்டூர் நடேச ஐயரிடம் ஆட்டம் கற்று, பெண் வேடம் கட்டி மேடையில் ஆடியவர். 1932இல் ‘சதிர்’ வேண்டுமா வேண்டாமா என்று பத்திரிகைகளில் பெரிய வாதம் நடந்தபோது, கலையை ஒழிக்காதீர்கள் என்று வாதாடியவர். அவர் செயலாளராக இருந்த மியூசிக் அகாடமியில் 1931இலும் 1933இலும் கல்யாணியின் மகள்கள் ஆடினார்கள். 1933 நிகழ்ச்சியைப் பார்க்க வந்தவர்களில் ருக்மிணி தேவி ஒருவர். பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடமும் மயிலாப்பூர் கௌரி அம்மாளிடமும் கற்று, 1935 டிசம்பர் 30 அன்று அடையாற்றில் அவர் ஆடியபோது வயது 31. மறு மாதமே கலாக்ஷேத்திரம் ஆகப்போகும் நிறுவனம் தொடங்கிவிட்டது.

தாமதமாகக் கற்கத் தொடங்கிய ஒருவர் அடுத்த பத்தாண்டுக்குள் நடன நாடகம் அமைக்கும் நிலைக்கு வந்தது எப்படி? ஆசையால் மட்டுமில்லை, நெருக்கடியாலும். 1943இல் நட்டுவனார் சொக்கலிங்கம் பிள்ளை கலாக்ஷேத்திரத்தை விட்டு விலகினார். அதுவரை நட்டுவாங்கம் என்பது பரம்பரை நட்டுவனார்களின் கையில் இருந்த வேலை. இனி தாளத்தைக் கையில் எடுக்க வேறு வழி இல்லை என்றாகி, ருக்மிணி தேவியும் அவரிடம் படித்தவர்களும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு, 1944இல், அவருடைய முதல் நடன நாடகம் வந்தது: ‘குற்றாலக் குறவஞ்சி’.

மேலகரம் திரிகூடராசப்பக் கவிராயர் எழுதிய நூல். தாமிரபரணிச் சீமைக்காரர்களுக்கு அறிமுகம் தேவையில்லை. வசந்தவல்லி பந்தடிக்கிறாள், குற்றாலநாதரின் உலாவைப் பார்த்து மனதைப் பறிகொடுக்கிறாள், குறத்தி வந்து மலை வளம் சொல்லிக் கை பார்க்கிறாள், அவளைத் தேடிக்கொண்டு சிங்கன் வருகிறான். முதல் முயற்சிக்கு இதைத் தேர்ந்ததில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது. நூலே ஆடுவதற்காக எழுதியது போல இருக்கிறது. பந்தடிக்கும் பாட்டில் வளையும் சலங்கையும் சந்தத்திலேயே ஒலிக்கின்றன. அடவு தானாக வந்து உட்காரும். இரண்டு உயர்குலத் தோழிகள் பேசுவது போலக் குறத்தி பேச மாட்டாள், நடக்க மாட்டாள். ஆக, ஒரே மேடையில் இரண்டு விதமான நடை தேவைப்படுகிறது. ஒரு நடன அமைப்பாளருக்கு இதைவிட நல்ல பயிற்சிப் பாடம் கிடைப்பது கஷ்டம். குறவஞ்சி ஆட்டத்தின் பழைய மரபை அறிந்த காரைக்கால் சாரதாம்பாள் போன்றோரின் துணையும் அதில் இருந்தது. 1955 முதல் 1970 வரை ஆறு பகுதிகளாக வால்மீகி ராமாயணத்தை அவர் அமைத்ததற்கு அடித்தளம் இங்கே போடப்பட்டது.

ஆனால் எடுத்துக்கொண்டபோது விட்டுப்போனது என்ன? இந்தக் கேள்வியைக் கேட்டவர் சாதாரண ஆள் இல்லை, பாலசரஸ்வதி. சிருங்காரத்தைச் சுத்திகரிக்க வேண்டும் என்ற எண்ணமே தவறு, பரதத்தின் உயிரே சிருங்காரம்தான், அதைத் தாழ்வாகப் பார்ப்பது பார்க்கிறவரின் குறை என்பது அவர் நிலை. 1975இல் தமிழிசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில், அலாரிப்பு முதல் தில்லானா வரையிலான மார்க்கத்தைக் கோயிலுக்குள் படிப்படியாகப் போவதோடு ஒப்பிட்டுப் பேசினார். அந்த வரிசையை மாற்ற வேண்டிய அவசியமே இல்லை என்று நினைத்தவர் அவர். ருக்மிணி தேவியோ மேடை, விளக்கு, உடை எல்லாவற்றையும் மாற்றியவர். யார் சரி என்று இன்றும் அடித்துக்கொள்கிறார்கள். தலைமுறை தலைமுறையாக ஆடிய குடும்பங்களின் பெண்கள் மேடையிலிருந்து மெல்ல மெல்ல விலக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். முத்துக்குளியலை ஆட நினைக்கிறவருக்கும் இதே கணக்கு உண்டு. இது யாருடைய வேலை, யாருடைய உயிர்ப்பயம்? அந்தக் குடும்பத்திலிருந்து ஒருவராவது ஒத்திகைக்கு வந்து உட்கார்ந்து பார்த்தார்களா? வந்தவர் முகம் சுளித்தால் அந்த இடத்தை மாற்றத் தயாரா?

சரி, ஒத்திகையில் ஒருவர் உட்கார்ந்து பார்க்கிறார். பார்த்துவிட்டு என்ன சொல்வது? நம் வீடுகளில் இரண்டு விமரிசனம்தான் பழக்கம். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ‘சூப்பர்டா செல்லம்’, பக்கத்திலேயே ஆறு இதயம். அல்லது நேரில், ‘இடுப்பு வளையவே இல்லையே, போன வருஷம் ஆடின பொண்ணு நல்லா ஆடிச்சு’. இரண்டாலும் ஆடிய பிள்ளைக்கு ஒரு பைசா பிரயோசனம் இல்லை. முதலாவது இனிக்கும், இரண்டாவது வலிக்கும். அடுத்த நாள் ஒத்திகையில் எதை மாற்றுவது என்று இரண்டுமே சொல்லாது.

தமிழில் நல்ல விமரிசனத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. கல்கி, ‘கர்நாடகம்’ என்ற பெயரில் ஆனந்த விகடனில் எழுதிய ‘ஆடல் பாடல்’ பகுதியை, கச்சேரிக்குப் போகாதவர்களும் படித்தார்கள். பிறகு சுப்புடு. பர்மாவிலிருந்து யுத்த காலத்தில் நடந்தே வந்தவர், டில்லியில் அரசாங்க உத்தியோகம் பார்த்துக்கொண்டே எழுதியவர். அவர் முன்வரிசையில் உட்கார்ந்தால் மேடையில் இருப்பவருக்கு வியர்க்கும் என்பார்கள். இருவரும் பத்திரிகை வாசகருக்காக எழுதினார்கள். ஆடியவரைத் திருத்துவது அதில் பாதி நோக்கம்தான். தேர்ந்த கலைஞர் அந்த அடியைத் தாங்குவார். பதினான்கு வயதில் முதன்முதலாகத் தானே ஒரு நடனம் அமைத்துக் காட்டும் பிள்ளையிடம் சுப்புடு பாணியில் பேசினால் அது வீரம் இல்லை.

அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் 1990இல் இதற்கு ஒரு முறை வகுத்தார். உலகம் முழுக்க நடன வகுப்புகளில் பயன்படுகிறது. பார்த்தவர்கள் முதலில் எது மனதில் நின்றது என்று சொல்ல வேண்டும். ‘நன்றாக இருந்தது’ செல்லாது. எது, எங்கே என்று சொல்ல வேண்டும். அடுத்து, அமைத்தவர் தனக்குச் சந்தேகமான இடத்தைப் பற்றிப் பார்த்தவர்களிடம் கேட்கிறார். மூன்றாவது, பார்த்தவர்கள் கேட்கிறார்கள். ஆனால் கேள்விக்குள் கருத்தை ஒளித்து வைக்கக் கூடாது. கடைசியாகத்தான் கருத்து, அதுவும் அனுமதி கேட்டு: ‘உடையைப் பற்றி ஒன்று தோன்றுகிறது, சொல்லலாமா?’ வேண்டாம் என்று சொல்ல அமைத்தவருக்கு உரிமை உண்டு.

இதில் மூன்றாவது படிதான் நம்மவர்களுக்குச் சிம்மசொப்பனம். ‘ஏன் இவ்வளவு நீளமாக வைத்தாய்?’ என்பது கேள்வி வேஷம் போட்ட திட்டு. ‘அவர் தண்ணீருக்குள் இருக்கும் நேரத்தை எதை வைத்து முடிவு செய்தாய்?’ என்பது கேள்வி. முதலாவதற்குப் பிள்ளை அழும் அல்லது முறைக்கும். இரண்டாவதற்கு யோசிக்கும். யோசித்து, ‘பாட்டு அவ்வளவு நேரம் இருந்துச்சு டீச்சர்’ என்று சொன்னால், பிழை எங்கே என்று அதுவாகவே கண்டுபிடித்துவிட்டது. பாட்டின் நீளம் மூச்சின் நீளம் ஆகாது. ஆச்சிக்கும் இந்த முறையைச் சொல்லிக்கொடுக்கலாம். ‘அந்தப் பிள்ள கயித்தப் பாக்காம எங்களப் பாத்து ஏன் சிரிச்சுது?’ என்று ஆச்சி கேட்டால் அது லெர்மன் ஒப்புக்கொள்ளும் கேள்வியாக இருக்காது. ஆனால் அந்த ஒத்திகையிலேயே சிறந்த கேள்வியாக இருக்கும்.

நீளத்தைப் பற்றிச் சொன்னதால் இன்னொருவர். டோரிஸ் ஹம்ஃப்ரி என்ற அமெரிக்கர், நடனம் அமைப்பது பற்றி எழுதிய புத்தகம் அவர் இறந்த மறு ஆண்டு, 1959இல் வெளியாயிற்று. இளம் அமைப்பாளர்களின் நடனங்கள் தேவைக்கு மேல் நீள்கின்றன, முடிவுக்கு அவர்கள் போதிய கவனம் தருவதில்லை என்பது அவருடைய பெரிய புகார்கள். நம் ஆண்டு விழா நடனங்களின் முடிவு எல்லோருக்கும் தெரியும். பாட்டு நின்றதும் அத்தனை பேரும் நடுவில் கூடி, உயரமானவர் பின்னால், குட்டையானவர் முன்னால், கை மேலே, புன்னகை. பொருள் வ.உ.சி.யின் கப்பலாக இருந்தாலும் இதே முடிவு, சுனாமியாக இருந்தாலும் இதே முடிவு.

ஒரு சின்ன உபயோகத் தகவல். சொந்தமாக அமைத்த நடனத்துக்குச் சட்டத்தில் உரிமை உண்டு. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டம் நடன அமைப்பை நாடகப் படைப்பு என்ற வகையில் சேர்க்கிறது. ஒரு நிபந்தனை, அது எழுத்திலோ வேறு விதத்திலோ பதிவாகியிருக்க வேண்டும். ஆகவே அந்த நோட்டுப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிட வேண்டாம். அழைப்பிதழிலும் ‘நடன அமைப்பு’ என்று போட்டு அந்தப் பிள்ளையின் பெயரை அச்சடிக்கலாம். செலவு ஒன்றும் இல்லை. கூடவே, கல்லில் கால் வைக்கும் விதத்தைக் காட்டிக்கொடுத்த தாத்தாவின் பெயரையும்.

முத்துக்குளியல் நடனத்தை எங்கே முடிப்பது? முத்தோடு முடிக்கத்தான் எல்லோருக்கும் கை பரபரக்கும். நிஜத்தில் நடந்தது வேறு. வெள்ளைக்காரன் காலத்தில் குளிப்பவருக்குக் கிடைத்த கூலி, எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு. மீதி சர்க்காருக்கு. சர்க்கார் பங்கை அன்று மாலையே ஆயிரம் ஆயிரமாகக் கூறு கட்டி, திறக்காத சிப்பியாகவே ஏலம் விட்டார்கள். உள்ளே முத்து இருக்கிறதா என்று விற்றவருக்கும் தெரியாது, வாங்கியவருக்கும் தெரியாது, உயிரைக் கொடுத்து எடுத்தவருக்கும் தெரியாது. வாங்கியவர்கள் அதைக் கரையில் குவித்து நாள் கணக்கில் அழுக விட்டார்கள். ஈ மொய்த்தது, புழு வைத்தது, நாற்றம் ஊரைத் தூக்கியது. அழுகிய சதையைக் கழுவிக் கழுவித்தான் முத்தைத் தேடினார்கள். தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடு சொல்லும்போது இளிவரலையும் ஒன்றாக வைத்தார். பள்ளி மேடைகளில் நகையும் பெருமிதமும் உவகையும் வந்து போகின்றன. இளிவரல் வருவதே இல்லை. முத்து நடனத்தில் அதற்கு இடம் உண்டு: மூக்கைப் பொத்திக்கொள்ளும் அதே கை, முதலில் கடலில் இறங்குவதற்காக, பிறகு கரையில் நாற்றம் தாங்காமல்.

இரண்டு முடிவும் ஆடிப் பார்க்கலாம். கயிறு பிடித்தவர் கடைசி இழுப்பை இழுத்துக் கையை விடுவது ஒன்று. ஏலத்தில் சிப்பி கை மாறும்போது, திறக்காமலேயே, விளக்கை அணைப்பது மற்றொன்று. ஒத்திகையில் இரண்டையும் ஆச்சிக்குக் காட்டிவிட்டு, எதைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டும்.